எல்லாம் தெரிந்தவர் எப்போது வாய் திறக்கலாம்?

வாசகர் கேள்வி: "திருகோணமலையில் படிப்பிக்கிறேன். உப்புவெளிக் கடற்கரைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கை, அதில் நான்கு வீடுகள், 2004ஆம் ஆண்டு. இதுதான் நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல். கதை சொல்வது பாத்திரங்களில் ஒருவர் இல்லை. எல்லார் வீட்டு அடுப்படியும், எல்லார் மனசும், நாளைக்கு நடக்கப்போவதும் தெரிந்த ஒரு குரல். அது வாசகரோடு கதைக்கும், பகிடி விடும், சில நேரம் கதையை அப்படியே விட்டுவிட்டு வேறு எங்கேயாவது போய்வரும். எங்கள் ஊரில் நாவலுக்கு முன்னோடி என்று யாரும் இல்லாததால் கேட்டுப் படிக்கவும் ஆளில்லை. இலக்கிய நண்பர்களுக்கு முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். ஒருவர், ‘இது கல்கி காலத்துப் பாணி, ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் மட்டும் நில்லுங்கள்’ என்றார். இன்னொருவர், ஒரே பந்தியில் மூன்று பேரின் மனசுக்குள் போவது குழப்புகிறது என்றார். மூன்றாமவர் சொன்னதுதான் நித்திரையைக் கெடுத்துவிட்டது. நாவல் போய்ச் சேருவது டிசம்பர் 26க்கு, சுனாமிக் கதையைப் பகிடியாகச் சொல்வது பாவம் என்றார். இந்தக் குரலை விட்டுவிடவா?"

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் உயிரோடு இருப்பதே அந்தக் குரல்தான். அதை எடுத்துவிட்டு, பாத்திரங்களில் ஒருவரான ராசம்மாக்காவின் மனசுக்குள் மட்டும் நின்று எழுதினால், யாரும் குறை சொல்லமுடியாத, திருத்தமான ஒரு நாவல் வரலாம். ஆனால் அந்த நான்கு வீடுகளையும் ஒன்றாகப் பார்க்க ஆளிருக்காது. அதே நேரம், உங்கள் நண்பர்கள் மூவரும் சும்மா கதைக்கவில்லை. முதலாமவர் சொன்ன பரிகாரம் பிழை. மற்ற இருவரும் தொட்டது உண்மையிலேயே பிரச்சினையுள்ள இடங்களை.

பழைய பாணி என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். கதைசொல்லி முன்னுக்கு வந்து வாசகரோடு பேசுவது கல்கி தொடக்கிவைத்ததல்ல. ஆங்கில எழுத்தாளர் ஹென்றி ஃபீல்டிங் 1749இல் வெளியிட்ட ‘டாம் ஜோன்ஸ்’ 18 பாகங்கள் கொண்ட நாவல். ஒவ்வொரு பாகத்தின் முதல் அத்தியாயத்திலும் கதையை நிறுத்திவிட்டு, கதைசொல்லி வாசகரோடு பேசுவார். பிறகு 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் போன்றவர்கள், எழுதியவன் எங்கேயும் தெரியக்கூடாது என்று நினைத்தார்கள். அவர்களுடைய அந்த ருசி நாடு நாடாகப் பரவி, நம் எழுத்துப் பட்டறைகளுக்கு வந்துசேரும்போது சட்டமாகிவிட்டது.

உங்களுடைய குரல் அங்கிருந்து வந்ததாகவும் எனக்குப் படவில்லை. நம் கோயில்களில் புராணபடனம் நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்லுவார், அதாவது அதன் பொருளை விளக்குவார். சூரபத்மனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று பயன் சொல்பவருக்குத் தெரியும். முன்னால் சப்பாணி கட்டி இருக்கும் ஆச்சிமாருக்கும் தெரியும். தெரியாதவன் சூரபத்மன் மட்டும்தான். பயன் சொல்பவர் போர்க்களத்தை விட்டு இறங்கிவந்து, ஊர்ப்புதினம் ஒன்றைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பார். பிறகு திரும்பிப் போய்ச் சூரனைக் கடல் நடுவே மாமரமாக நிறுத்துவார். முடிவு தெரியும் என்று சொல்லி ஒருவரும் எழும்பிப் போவதில்லை. இதை மனதில் வைத்திருங்கள், டிசம்பர் 26க்கு வரும்போது தேவைப்படும்.

முன்னோடி இல்லை என்பதும் சரியல்ல. இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது, சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வந்தது. இருவரும் திருகோணமலைக்காரர்கள். தமிழில் நாவல் எழுதத் தொடங்கிய காலத்திலேயே இந்த ஊர் அதில் இருந்திருக்கிறது. நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

விளையாட்டான குரல் என்றால் பகிடி விடும் குரல் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ராசம்மாக்காவின் பருமன், அவர் நடக்கும் விதம், ஓட்டோக்காரத் தம்பியின் திக்குவாய் என்று பக்கத்துக்குப் பக்கம் பகிடிகள் வருகின்றன. எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். எல்லாம் தெரிந்த ஒருவர் ஒரு மனுஷியின் உடம்பைப் பார்த்துச் சிரித்தால், இவருக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார். இந்தக் குரல் விளையாடுகிற இடம் வேறு. பாத்திரத்துக்குத் தெரிந்தது ஒன்று, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்தது ஒன்று, வாசகருக்குத் தெரிந்தது இன்னொன்று. எதை இப்போதே சொல்வது, எதை ஒரு வரி பிந்திச் சொல்வது, எதை ஐம்பது பக்கம் பொத்திவைப்பது, எதைக் கடைசிவரை சொல்லாமல் விடுவது என்ற தெரிவில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது.

மீன் வாங்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியது இது:

‘மீன்காரர் ஏமாற்றுகிறார் என்று ராசம்மாக்காவுக்குத் தோன்றியது. இவ இண்டைக்கும் விலை பேசி நேரத்தைத் தின்னப்போறா என்று மீன்காரர் நினைத்தார். பக்கத்தில் நின்ற மகனுக்குப் பசித்தது.’

மூன்று வரி, மூன்று மனசு. உங்கள் நண்பருக்குக் குழப்பமாக இருந்ததில் வியப்பில்லை. ஒவ்வொரு வரியிலும் வாசகர் ஒரு ஆளுக்குள் இறக்கிவிடப்படுகிறார், ஏன் இறங்கினோம் என்று தெரியுமுன்னே அடுத்த ஆளுக்குள் தள்ளப்படுகிறார். கூட்டிக்கொண்டு போகும் குரல் அங்கே இல்லை. இப்படி வைத்துப் பாருங்கள்:

‘பாரை கிலோ முந்நூறு என்றார் மீன்காரர். இருநூற்றைம்பதுக்குக் கொடுப்பதென்று கிண்ணியாத் துறையில் படகுப்பாதையில் ஏறும்போதே அவர் நினைத்துவிட்டார். இருநூற்றைம்பதுக்கு மேல் ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று ராசம்மாக்காவும் விடியப்புறமே முடிவெடுத்திருந்தார். ஆகவே இருவருக்கும் பேசித் தீர்க்க எதுவும் இல்லை. படலையடியில் நின்று அரை மணித்தியாலம் பேசினார்கள். பக்கத்தில் மகன் புத்தகப் பையோடு நின்றான், பள்ளிக்கூட மணி அடித்துக் கேட்டது. கனகாலத்துக்குப் பிறகு டொரண்டோவில் ஒரு கடையில், விலைச்சீட்டு ஒட்டிய மீனுக்கு முன்னால் அவன் நெடுநேரம் நிற்பான், விலை பேச ஆளில்லாமல்.’

இதிலும் மூன்று பேர்தான். ஆனால் குரல் படலையடியில், இருவருக்கும் நடுவே, முதலிலேயே வந்து நின்றுவிட்டது. இருவரின் மனசுக்குள்ளும் அது போய் எடுத்துவருவது ஒரே சாமானைத்தான்: இருநூற்றைம்பது ரூபாய். மகனிடம் வரும்போது மனசுக்குள் போகவே இல்லை, காலத்தில் முன்னுக்குப் போய்வந்தது. ஒரு மனசிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இருவருக்கும் பொதுவான ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு தாவுங்கள். விலை, கைமாறும் காசு, இருவரும் கேட்கிற கோயில் மணி, எதுவாகவும் இருக்கலாம். அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால் குரலை வெளியே கொண்டுவந்து ஒழுங்கையில் நிறுத்தி, ஒரு வரி அதன் வாயாலேயே பேசவிட்டு, பிறகு அடுத்த வீட்டுக்குள் போகவிடுங்கள்.

‘அரை மணித்தியாலம் பேசினார்கள்’ என்ற வரிக்குப் பிறகு, அந்தப் பேச்சு இருவருக்கும் பிடித்திருந்தது என்று எழுத உங்களுக்குக் கை துடிக்கும். எழுதாதீர்கள். குரலுக்குத் தெரியும், வாசகருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. சொன்னால் அந்த இடம் செத்துவிடும். நான் திருத்தும் பிரதிகளில் இந்த வகைக் குரல் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். எல்லாம் தெரியும் என்பதற்காக எல்லாவற்றையும் விளக்கப் புறப்பட்டுவிடுகிறது.

டொரண்டோ வரியையும் ஒருமுறை பாருங்கள். மகன் டிசம்பர் 26ஐத் தாண்டிவிடுவான் என்று வாசகருக்குச் சொல்லியாகிவிட்டது. தாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கவனமான வாசகர் அந்த மௌனத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார், அடுத்த இருநூறு பக்கமும் ராசம்மாக்கா படலையைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு இடிக்கும். இதற்காகத்தான் உங்களுக்கு இந்தக் குரல் வேண்டும். ஆனால் எதிர்காலத்துக்குப் போய்வருவதை அள்ளி வீசக்கூடாது. அத்தியாயத்துக்கு ஒன்று போதும், சிலவற்றில் ஒன்றுமே வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் பிரதியில் மீன்காரர் கிண்ணியாப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வருகிறார். பாலம் திறந்தது 2009இல். 2004இல் அவர் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில்தான், வந்திருக்க முடியும். ஒரு பாத்திரம் தன் வாயால் பிழையாகச் சொன்னால் அது அவருடைய ஞாபகப் பிசகு. எல்லாம் தெரிந்த குரல் பிழைவிட்டால், நம் ஊர் வாசகர் அதோடு அந்தக் குரலை நம்புவதை நிறுத்திவிடுவார். சந்தை எங்கே இருந்தது, எந்த பஸ் எத்தனை மணிக்கு, அந்த வருஷம் மீன் உண்மையில் என்ன விலை போனது, எந்த வீதியில் சோதனைச்சாவடி இருந்தது என்று பழைய ஆட்களிடம் கேட்டுச் சரிபாருங்கள். மேலே நான் போட்ட விலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குரல் எப்போது தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும்? முதல் பக்கத்தில். நீங்கள் ஏழு பக்கம் ராசம்மாக்காவோடு மட்டும் இருந்துவிட்டு, எட்டாம் பக்கத்தில் திடீரென்று ‘வாசகரே, அவருக்கு ஒன்று தெரியாது’ என்கிறீர்கள். அது பின்னால் வந்து தோளில் தட்டியதுபோல இருந்தது. முதல் பக்கத்துக்குள்ளேயே குறைந்தது இரண்டு வீட்டுக்குள் போய்வாருங்கள், அங்கே நிற்கும் ஒருவருக்கும் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். வாசகர் சரி என்று கூட வந்துவிடுவார். பிறகு வாசகரைக் கூப்பிடவே தேவையில்லை. ‘வாசகரே’ என்று வருகிற இடங்களில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடலாம்.

இனிச் சொல்லப்போவது உங்கள் நண்பர்கள் யாரும் சொல்லாதது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. அந்த ஒழுங்கையில் நான்காவது வீட்டில் இருப்பது துறைமுகத்தில் வேலைசெய்யும் சிங்களக் குடும்பம். மீன்காரர் கிண்ணியா முஸ்லிம். மற்ற மூன்று வீட்டு மனசுகளுக்குள்ளும் உங்கள் குரல் தாராளமாகப் போய்வருகிறது. மீன்காரருக்குள் ஒரே ஒரு வரி போகிறது, அதுவும் வியாபாரத்தைப் பற்றியது. நான்காவது வீட்டுக்குள் போகவே இல்லை. வாசலில் நின்று, அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள், என்ன சமைத்த மணம் வந்தது என்று மட்டும் சொல்கிறது. ராசம்மாக்காவின் கண்ணால் சொல்லும் கதையாக இருந்தால் இது குற்றமில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எல்லாம் தெரிந்தவர் என்று நீங்கள் அறிமுகப்படுத்திய ஒருவர், மூன்று சமூகமும் சேர்ந்திருக்கும் ஊரில் ஒரு சமூகத்தின் மனசை மட்டும் அறிந்திருந்தால், அவர் ஒரு பக்கத்து ஆள். அதுவும் 2004இல், 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின் தயவில் எல்லாரும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த காலத்தில்.

நான்காவது வீட்டுத் தாய்க்கும் இரவில் நித்திரை வராத காரணம் ஒன்று இருக்கும். மீன்காரர் பாதையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நினைப்பது மீனை மட்டுமாக இருக்காது. உங்களுக்கு அந்த வீடுகளைத் தெரியாது என்றால் போய்க் கதையுங்கள், இருந்து தேத்தண்ணி குடியுங்கள், கேளுங்கள். ராசம்மாக்காவின் சின்னத்தனங்களைப் பார்த்து எவ்வளவு அன்போடு விளையாடுகிறதோ, அதே அளவு அன்போடு இந்தக் குரல் அவர்களோடும் விளையாட வேண்டும். அவர்களை மட்டும் மரியாதையாகத் தூர வைத்திருப்பதும் ஒரு விலக்கல்தான்.

கிளைக்கதைகளைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் அவை உங்கள் பலம். கோட்டைக்குள்ளிருந்து வந்து பஸ் நிலையத்துக்குக் கிட்டப் படுத்திருக்கும் மான்களைப் பற்றி ஒரு பக்கம் வருகிறதே, அதைத் தொடாதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் குளித்து, எது கூடச் சூடு என்று சண்டைபிடிக்கும் இரண்டு கிழவர்களையும் விட்டுவைக்கவும். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள், கிறிஸ்மஸுக்கு மறுநாள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்பு. அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் உங்கள் ஒழுங்கையில் எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவர் பூசைக்குப் போக வெளிக்கிடுகிறார், ஒருவர் முற்றம் கூட்டுகிறார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கடல் புறப்பட்டுவிட்டது. ஒருவருக்கும் தெரியாது.

ராசம்மாக்காவின் மனசுக்குள் மட்டும் நின்றால் இந்த இரண்டு மணித்தியாலம் நாவலில் இருக்காது. அவருக்கு அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அவ்வளவுதான். கடல் வந்த பிறகுதான் அவருக்குக் கதை தொடங்கும். அந்த நேரத்தைக் கையில் வைத்திருக்கக்கூடியது உங்கள் குரல் ஒன்றுதான். அத்தோடு அத்தியாயத்தின் தலையில் திகதியைப் போட்டதுமே நம் வாசகர் ஒவ்வொருவருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். புராணபடனத்து ஆச்சிமாரைப் போலத்தான். தெரியாதவர்கள் ஒழுங்கைக்காரர்கள் மட்டும்.

ஆகவே கடலைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். ‘அவர்களுக்குத் தெரியாது’ என்றும் வேண்டாம், இருண்ட வானமும் ஊளையிடும் நாயும் வேண்டாம். குரல் வழமைபோலக் கிளைக்கதைக்குப் போகட்டும். முற்றம் கூட்டும் விளக்குமாறு எங்கே வாங்கினது, அதற்கு என்ன விலை பேசினார்கள் என்று சொல்லட்டும். அதை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போகட்டும், பிறகு இன்னொன்றுக்கு. முன்பு விளையாட்டுக்காகக் கதையை நிறுத்திய குரல், இன்றைக்கு முன்னுக்குப் போக மனமில்லாமல் நிறுத்துகிறது. உத்தி அதேதான். நூறு பக்கமாக மான்களோடும் வெந்நீர்க் கிணறுகளோடும் பழகிய வாசகர், குரல் ஏன் இப்படி ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று தானாகவே விளங்கிக்கொள்வார். அதற்காகத்தான் அந்தக் கிளைக்கதைகளை வெட்ட வேண்டாம் என்றேன்.

தண்ணீர் வந்ததும் விளையாட்டு நிற்க வேண்டும். வாசகரிடம் பேச்சு இல்லை, எதிர்காலம் இல்லை, உவமை இல்லை. மூழ்குகிறவரின் மனசுக்குள் போகாதீர்கள். போக முடியும் என்பது வேறு, போகலாமா என்பது வேறு. கண்ணால் காணக்கூடியதை, நடந்த ஒழுங்கில், சின்ன வசனங்களில் எழுதுங்கள். பிறகு, ஒரே ஒரு இடத்தில், இதுவரை எல்லாம் தெரிந்திருந்த குரல் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லலாம். உடல் கிடைக்காமலே போனவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். அந்த வீடுகளில் இன்றைக்கும் பதில் இல்லை. அங்கே குரல் மட்டும் பதில் வைத்திருப்பது நீதியில்லை.

பாவம் என்று சொன்ன நண்பருக்கும் இதையே சொல்லுங்கள். செத்தவீட்டில் இரவிரவாக முழித்திருந்தவர்களுக்குத் தெரியும், போனவரைப் பற்றிய பகிடிக்கதைகள் அங்கேதான் வெளியே வரும். அவர் எப்படி விலை பேசுவார், யாரோடு எதற்குக் கோபித்தார் என்று சொல்லிச் சிரிப்பார்கள், அழுவார்கள். இறந்தவரை ஒரு இலக்கமாக விடாமல் ஆளாக வைத்திருப்பது அந்தக் கதைகள்தான். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்த நாட்டில் அன்றைக்குப் போனார்கள். அந்தத் தொகையை எழுத உங்கள் நாவல் தேவையில்லை. இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஒரு சதமும் கொடுக்காத ஒரு மனுஷியை எழுதத் தேவை.

கடைசியாக மொழி. பாத்திரங்கள் நம் ஊர்ப் பேச்சில் பேசுவது நன்றாக வந்திருக்கிறது. குரலும் அதே பேச்சில் பேசும்போது யார் பேசுவது என்று சில இடங்களில் தெரியவில்லை. குரலுக்கு எளிய எழுத்துத் தமிழைக் கொடுங்கள். ‘படலை’, ‘விடியப்புறம்’ போன்ற சொற்கள் அதில் தாராளமாக வரலாம், வினைமுற்று மட்டும் எழுத்துநடையில் இருக்கட்டும். குரல் தன்னை ‘நான்’ என்று சொல்வதையும் குறையுங்கள். அடிக்கடி சொன்னால், இவர் எந்த வீட்டு ஆள் என்று வாசகர் தேடத் தொடங்கிவிடுவார். அந்த ‘எனக்குத் தெரியாது’ என்ற இடத்துக்கு அதை மிச்சம் பிடித்து வைத்திருப்பது நல்லது.

முதல் அத்தியாயத்தைத் திருத்துவதில் இப்போது மினைக்கெட வேண்டாம். 7 மணிக்கும் 9 மணிக்கும் இடைப்பட்ட அந்தப் பக்கங்களை முதலில் எழுதுங்கள். குரல் அங்கே எந்தெந்தச் சாமானைத் தொட்டு நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், அவற்றை முன்னுக்கு எந்த அத்தியாயத்தில் கொண்டுவந்து வைப்பது என்பது தானாக அமையும். எழுதியதும் அனுப்புங்கள், நான்காவது வீட்டுக்குள் குரல் போய்வந்த பக்கங்களையும் சேர்த்து.